முட்டை நிறைத்த குடலும் மட்டாஞ்சேரி மிளகும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மிளகுக் கிடங்குகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். அங்கிருந்து கப்பலேறிய மிளகு எந்த நாட்டு அடுப்பில், எந்தப் பண்டத்துக்குள் சென்று சேர்ந்தது என்று அவ்வளவாகக் கேட்டதில்லை. அப்படிச் சேர்ந்த பண்டங்களுள் ஒன்றை இப்பதிவில் எடுத்துக்கொள்கிறேன். கழுவிய ஆட்டுக் குடலிலோ பன்றிக் குடலிலோ முட்டையையும் மிளகையும் நிரப்பி, இரு முனைகளையும் கட்டி வேகவைக்கும் பண்டம் அது. பேச்சு வழக்கில் இவ்வகை உணவு அனைத்துக்கும் ‘சாசேஜ்’ என்பதே பெயர். அகராதிகள் ‘தொத்திறைச்சி’ என்கின்றன. முட்டை மட்டும் நிரப்பியதை இறைச்சி என்று சொல்வது பொருந்தாது. எனவே, வசதிக்காக இங்கு ‘நிறைகுடல்’ என்று குறிப்பிடுகிறேன்.

உணவு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நிரப்பும் பொருளைப் பின்தொடர்கிறார்கள். மிளகு எங்கிருந்து வந்தது, மிளகாய் எப்போது வந்தது, வினிகரைக் கொண்டுவந்தவர் யார் என்பவையே வழக்கமான வினாக்கள். நிறைகுடலைப் பொறுத்தவரை உறையைப் பின்தொடர்ந்தால்தான் கொச்சியின் வரலாறு தெளிவாகத் தெரிகிறது என்பது என் வாதம். நிரப்பும் பொருள் சந்தையில் கிடைக்கும். உறை கிடைக்க வேண்டுமானால், அறுப்பவர், கழுவுபவர், ‘இது உண்ணத்தக்கது’ என்று சொல்லும் விதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூட வேண்டும்.

1. செய்முறை

முதலில் இப்பண்டம் வீட்டில் எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். செய்முறை தெரியாமல் சமையல் ஏடுகளை வாசித்தால் அவற்றில் எழுதப்படாமல் விடுபட்டது எது என்பது புலப்படாது.

ஓர் ஆட்டின் சிறுகுடல் ஏறத்தாழ 25 மீட்டர் நீளம் இருக்கும். அதன் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பை முதலில் உரித்தெடுக்க வேண்டும். பிறகு குடலின் ஒரு முனையை மடித்து, அந்த மடிப்புக்குள் தண்ணீரை ஊற்றினால் நீரின் எடையே குடலை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிவிடும். இப்போது வெளியே வந்த சளிப்படலத்தை மழுங்கிய கத்தியாலோ மூங்கில் பட்டையாலோ வழித்தெடுக்க வேண்டும். சளிப்படலமும் தசை அடுக்கும் நீங்கிய பின் எஞ்சுவது கொலாஜன் நிறைந்த மெல்லிய, ஒளி ஊடுருவும் குழாய். அதுவே உறை. உப்பிலிட்டால் மாதக்கணக்கில் கெடாது. பயன்படுத்தும்முன் அரைமணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உள்ளே தண்ணீர் பாய்ச்சி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடித்த முட்டை நீர்மமாக இருப்பதால் அதைத் திணிக்க இயலாது. புனல் வைத்து ஊற்றத்தான் வேண்டும். உறையை முழுவதும் நிரப்பக் கூடாது. சூடுபட்டதும் கொலாஜன் சுருங்கும், முட்டையோ உப்பும். மூன்றில் இரு பங்கு நிரப்பிக் கட்டி, கொதிநிலையை எட்டாத 75 முதல் 80 பாகை வெந்நீரில் மெல்ல வேகவிட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் உறை வெடித்துவிடும். உள்ளே முட்டை முழுவதும் இறுகிய பின்னரே எடுக்க வேண்டும். அதை அன்றே உண்டு தீர்ப்பதும் முக்கியம்.

இறுதியாகச் சொன்ன எச்சரிக்கைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1793இல் ஜெர்மனியின் வில்ட்பாத் ஊரில் பன்றி இரைப்பையில் குருதி நிரப்பிச் செய்த பண்டத்தை உண்ட 13 பேர் நோயுற்றனர். 6 பேர் இறந்தனர். இத்தகைய நச்சுணவு நிகழ்வுகளைப் பின்னர் யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அந்நோய்க்கு இன்று வழங்கும் ‘பாட்டுலிசம்’ என்ற பெயர், நிறைகுடலைக் குறிக்கும் ‘பொட்டுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

2. முசிறியிலிருந்து ரோமுக்கு

அந்த இலத்தீன் சொல்லே நம்மைக் கேரளக் கடற்கரைக்கு அழைத்து வருகிறது. அபிக்கியுஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பு கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய வடிவம் பெற்றதாகக் கருதப்படுகிறது. அதன் இரண்டாம் பகுதியில் ‘பொட்டெல்லும்’ என்ற சிறு நிறைகுடலுக்கான குறிப்பு உள்ளது. வெந்த மஞ்சள் கரு ஆறு, நறுக்கிய பைன் விதை, வெங்காயம், லீக் தாள், பொடித்த மிளகு ஆகியன அதில் குடலுக்குள் செல்கின்றன. மீன் சாறும் மதுவும் சேர்த்து அதைச் சமைக்கிறார்கள். மற்றொரு குறிப்பில் முட்டையையும் மூளையையும் அரைத்து, மிளகும் பைன் விதையும் சிறிது ‘லாசர்’ பிசினும் கலந்து குடலில் நிரப்பி, முதலில் அவித்துப் பின்னர் வாட்டுகிறார்கள். லாசர் என்பது ஆதியில் வட ஆப்பிரிக்கச் செடி ஒன்றின் பிசின். அச்செடி அருகிப்போன பின் பாரசீகப் பகுதியிலிருந்து வந்த பெருங்காயம் அதன் இடத்தைப் பிடித்தது. மிளகும் பெருங்காயமும் முட்டையும் கூடிய அந்தக் கலவையின் வாசனை நம் சமையலறைக்கு அந்நியமானதன்று.

முதற்குறிப்பில் மஞ்சள் கரு முன்னரே வேகவைக்கப்படுகிறது. இரண்டாவதில் முட்டை பச்சையாகச் சேர்கிறது. வெந்த கருவைத் திணிக்கலாம், ஒழுகாது. பச்சை முட்டைக்கு ஓட்டையற்ற குடல் வேண்டும். ஆகவே, இரண்டாவது குறிப்பின் பின்னால் தேர்ந்த குடல் கழுவுநர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். சமையல் ஏட்டில் அவருக்கு ஒரு சொல்கூட இல்லை.

மிளகுக்கோ சான்றுகள் ஏராளம். கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரி என்று பிளினி விலை எழுதி வைத்திருக்கிறார். இந்திய வணிகத்தால் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் வெளியேறுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டவரும் அவரே. செங்கடற்கரையின் பெரெனிகே துறைமுகக் கோயில் முற்றத்தில் இந்தியச் சேமிப்புச் சாடி ஒன்றில் 7.5 கிலோ கருமிளகு அகழ்வில் கிடைத்தது. வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறது. யவனர் மரக்கலங்கள் தங்கத்தைக் கொடுத்து மிளகைப் பெற்றுத் திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. சங்கத் தமிழில் ‘கறி’ என்றால் மிளகு. இன்று கறிக்கடை என்றால் நாம் எண்ணுவது இறைச்சிக் கடையை. ரோமானிய நிறைகுடலில் இந்த இரு பொருளும் ஒன்றாக இருந்தன.

முசிறியாகப் பலரும் கருதும் பட்டணம் அகழ்விடம் மட்டாஞ்சேரிக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1341இல் பெரியாற்று வெள்ளம் பழைய துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. துறை நகர்ந்தது, மிளகு வணிகமும் நகர்ந்தது, வணிகச் சமூகங்களும் பின்தொடர்ந்தன. கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்த வட்டெழுத்துச் செப்பேடு, மட்டாஞ்சேரி பரதேசி யூதர்களின் காவலுக்கு வந்து சேர்ந்ததும் இந்த நகர்வின் ஒரு பகுதியே.

3. குருதியும் முட்டையும்

நிறைகுடலில் முட்டை ஏன்? சுவை ஒரு காரணம். அதைவிட அடிப்படையானது அதன் பிணைக்கும் ஆற்றல். ஊற்றும்போது நீர்மமாக இருந்து, வெந்ததும் திடமாகித் துண்டு போடத்தக்கதாக மாறும் பொருள்கள் மிகச் சில. அவற்றுள் விலங்குவழி எளிதில் கிடைப்பவை இரண்டு: குருதி, முட்டை. இரண்டிலும் உள்ள புரதங்கள் சூட்டில் உறைகின்றன. திபெத்திய மரபினர் செய்யும் ‘கியுமா’ முதல் ஐரோப்பாவின் கருநிறக் குடல்கள் வரை குருதி வழி பரந்து கிடக்கிறது.

குருதிக்குச் சமயத் தடை உண்டு. யூத விதிப்படி குருதி முற்றிலும் விலக்கு. இசுலாத்தில் வடியும் குருதி ஹராம். கிழக்குத் திருச்சபையும் அதை விலக்கியது. பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ (ஆட்சி 886–912) குடலில் குருதி நிரப்பி விற்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தனிச்சட்டமே இயற்றினார். குருதி கூடாது, ஆனால் நிறைகுடல் வேண்டும் என்ற சமூகத்துக்கு முட்டை இயல்பான மாற்று.

அந்த மாற்றும் விதிகளுக்கு உட்பட்டதே. யூத வீட்டில் முட்டையை நேரடியாகக் கலவையில் உடைப்பதில்லை. தனிக் கிண்ணத்தில் உடைத்துக் குருதிப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பின்பே சேர்ப்பார்கள். இறைச்சியை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் இட்டுக் கழுவுவார்கள். குடல் உண்ணத்தக்கது; அதை ஒட்டிய சில கொழுப்புகள் விலக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுக்கும் ‘நிக்கூர்’ என்னும் பணி தனித்தேர்ச்சி கோருவது. விலங்கை அறுப்பதற்கு ‘ஷோஹெத்’ என்னும் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஆக, யூத வீடொன்றில் ஒரே ஒரு நிறைகுடல் தட்டுக்கு வருவதற்குப் பின்னால் ஒரு முழுச் சமூக அமைப்பே நிற்க வேண்டும்.

நம் நாட்டிலும் நிறைகுடல் மரபு அறியப்படாததன்று. கல்யாணிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 1129 அளவில் இயற்றிய மானசோல்லாசத்தில், குடலுக்குள் மஜ்ஜையும் மசாலாவும் நிரப்பித் தணலில் வாட்டும் ‘மண்டலீயம்’ இடம்பெறுகிறது. குடல் உறை போர்த்துகீசியர் கொண்டுவந்த புதுமை என்ற பொதுக்கருத்தை இந்த ஒரு சான்றே அசைத்துவிடுகிறது.

4. தொங்கும் குடல் சொல்லும் சாட்சியம்

போர்த்துகீசியர் 1500இல் கொச்சிக்கு வந்தனர். 1503இல் கோட்டை கட்டினர். அவர்களோடு வந்த ‘லிங்குயிசா’, ‘ஷொரீசு’ ஆகிய பன்றி நிறைகுடல்கள் ஆசியக் கடற்கரைகளில் வேரூன்றின. கோவாவில் அது தென்னங்கள் வினிகரும் மிளகாயும் பூண்டும் ஏற்று, வெயிலில் காய்ந்து, மழைக்காலச் சேமிப்பு உணவாயிற்று. மணிமணியாகக் கட்டிய வகையைச் செபமாலை என்ற பெயராலேயே அழைக்கின்றனர். இலங்கையில் அதே சொல் ‘லிங்குஸ்’ என்று திரிந்து பறங்கியர் சமையலில் நிலைத்தது.

இந்தப் பண்டத்துக்கு அக்காலத்தில் உணவு என்பதற்கு அப்பாலும் ஒரு வேலை இருந்தது. 1497இல் போர்த்துகலில் யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். ‘புதிய கிறித்தவர்’ எனப்பட்ட அவர்கள் பன்றி உண்கிறார்களா என்று அக்கம்பக்கத்தார் கவனித்தார்கள். பன்றியைத் தவிர்ப்பது சமய விசாரணை மன்றத்தில் குற்றச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வட போர்த்துகலின் ‘அல்யெய்ரா’ என்னும், கோழி இறைச்சியும் ரொட்டியும் நிரப்பிய நிறைகுடல், அண்டை வீட்டார் கண்ணில் படும்படி புகைக்கூடத்தில் தொங்கவிடுவதற்காகப் புதிய கிறித்தவர்கள் கண்டுபிடித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதைக்கு நேரடி ஆவணச் சான்று கிடையாது. பிற்காலப் பெருமிதம் அதில் கலந்திருக்கலாம். ஆனால் அக்கதைக்கு அடிப்படையான அச்சம் உண்மையானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உறை மட்டுமே தெரியும், உள்ளே இருப்பது தெரியாது என்னும் எளிய உண்மையே அதன் மையம்.

அந்த அச்சம் கொச்சியையும் எட்டியது. 1557இல் கொச்சியில் புதிய கிறித்தவர்கள் சிலர் மறைவாக யூத வழக்கங்களைப் பேணியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1568இல், போர்த்துகீசியர் வசமிருந்த கொச்சிக் கோட்டைக்கு வெளியே, கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டி, மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் எழுந்தது. நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இரு வேறு உலகங்கள் இருந்தன. கோட்டைக்குள் ஒருவர் பன்றியை மறுத்தால் அது குற்றத்தின் தடயம். மட்டாஞ்சேரியில் அதே மறுப்பு அன்றாட வாழ்க்கை. மிளகு வணிகம் பற்றிய ஆய்வுகளில் கொச்சி மன்னரின் பாதுகாப்பு வரி வருவாயோடு தொடர்புபடுத்தியே பேசப்படுகிறது. தன் விதிப்படி அறுத்து, உப்பிட்டு, கழுவி உண்ணும் உரிமையும் அப்பாதுகாப்பின் ஒரு கூறு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. மாவு, கோழி, சிப்பி

கொச்சி யூதச் சமையலில் இன்று பெயர் பெற்று விளங்கும் நிறைப்புப் பண்டங்களைப் பாருங்கள். ‘பாஸ்தல்’ மாவு உறைக்குள் கோழி, முட்டை முதலியன வைத்து மடித்துப் பொரிப்பது; பெயர் ஐபீரியாவிலிருந்து வந்தது. ‘குப்பா’ மாவு உருண்டைக்குள் கறியை வைத்துக் குழம்பில் வேகவைப்பது. பெயர் மேற்கு ஆசியாவிலிருந்து வந்தது. இரண்டிலும் உறை மாவே.

ஐபீரிய யூத மரபின் பழைய அடுக்கில் விலங்கு உறை செழித்திருந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் அறியாத அந்தலூசிய அரபுச் சமையல் நூலில் ‘யூதர் கவுதாரி’ என்ற குறிப்பு வருகிறது. பறவையின் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளை வாதுமையோடும் பைன் விதையோடும் இடித்து, மிளகும் பட்டையும் ஐந்து முட்டையும் மாவும் கலந்து, தோலுக்கும் சதைக்கும் இடையிலும் வயிற்றுக்குள்ளும் திணிக்கிறார்கள். அவித்த இரண்டு முட்டைகளும் உள்ளே செல்கின்றன. மலபார் மாப்பிள்ளைமாரின் ‘கோழி நிறச்சது’ பண்டத்தை அறிந்தவர்கள் இங்கே ஒரு கணம் நிற்பார்கள். அதிலும் அவித்த முட்டையும் மசாலாவும் கோழிக்குள் வைக்கப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது தவறு. ஒத்த விதிகளும் ஒத்த பொருள்களும் உள்ள இரு சமையலறைகள் ஒத்த விடையை அடையக்கூடும். தலைச்சேரிப் பக்கத்து ‘அரிக்கடுக்கா’வில் கடல் சிப்பியின் ஓடே உறையாகி அரிசி மாவை ஏந்துவது, நிறைத்தல் என்ற நுட்பம் இக்கரையில் எத்தனை உறைகளைத் தேர்ந்திருக்கிறது என்பதற்கு மற்றொரு சான்று.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1948 அளவில் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தனர். அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சிய பரதேசிச் சமூகமும் இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கும் கீழே சென்றுவிட்டது. ஒரு சமூகம் இவ்வாறு சுருங்கும்போது அதன் உணவுகள் ஒரே வேகத்தில் மறைவதில்லை. அறுப்பவரையும் கொழுப்பு பிரிப்பவரையும் நம்பி நிற்கும் உணவுகள் முதலில் நிற்கும். மாவும் முட்டையும் காய்கறியும் கொண்டு ஒரு தனி மனிதர் தன் அடுப்பிலேயே செய்துகொள்ளக்கூடியவை கடைசி வரை தாங்கும். நினைவிலும் சமையல் நூல்களிலும் நமக்குக் கிடைப்பது இந்தக் கடைசி அடுக்கு. அதையே அச்சமூகத்தின் முழுச் சமையலாக எடுத்துக்கொண்டால், அமைப்புகள் உயிரோடிருந்த காலத்தின் உணவை நாம் இழந்துவிடுகிறோம்.

6. குடலைக் கழுவியவர்

ரோமானியக் குறிப்பிலும், சாளுக்கிய அரசரின் நூலிலும், அந்தலூசிய ஏட்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பொருள்களின் பெயர் விரிவாக வருகிறது. குடல் மட்டும் எப்போதும் கழுவிய நிலையில் ஆயத்தமாக இருக்கிறது. அரை நாள் உழைப்பு ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. மானசோல்லாசம் போன்ற அரசவை நூல்களில் இது வியப்பன்று. ஏவலர் செய்வது அரசர் எழுதும் நூலில் எதற்கு வரப்போகிறது? நம் ஊர்களில் இறந்த விலங்கின் உடலோடு தொடர்புடைய பணிகள் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தன. இன்றும் அப்பிணைப்பு அறுபடவில்லை. குடல் வாங்கிய வீட்டில் அதைச் சுண்ணாம்பும் மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுவது பெரும்பாலும் பெண்களின் கையில் விடப்பட்டது. சாதி, பால் என்ற இரு காரணங்களாலும் உறை செய்தவர் ஏட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

1920களில் செல்லுலோசு உறை தொழிற்சாலையில் உருவானது. அதில் நிரப்பி வேகவைத்து, உறையை உரித்துப் போட்டுவிடும் முறை பரவியது. இன்று நம் கடைகளின் உறைபெட்டியில் கிடைக்கும் கோழிச் சாசேஜ் பெரும்பாலும் அவ்வகையே. கழுவும் உழைப்பை எந்திரம் நீக்கியது நன்றே. அதேவேளை இந்தியாவின் விலங்குவழி ஏற்றுமதிப் பட்டியலில் கழுவி உப்பிட்ட குடல் உறையும் இடம்பெறுகிறது. அங்கே எடைக்கும் விலைக்கும் கணக்கு உண்டு. முசிறி மிளகுக்கு விலை எழுதிய பிளினியின் கணக்கிலும் அதைப் பறித்து உலர்த்தியவர் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் கணக்கு எழுதும் முறை அவ்வளவாக மாறவில்லை.

உணவு வரலாற்றில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரையோடு முடிக்கிறேன். பழைய சமையல் குறிப்பு ஒன்றைக் கையில் எடுக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதில் எந்தப் பொருள் ‘ஆயத்தமாக’ வருகிறது? அதை ஆயத்தம் செய்ய எத்தனை மணி நேரமும் எவருடைய தேர்ச்சியும் தேவைப்பட்டன? அந்தத் தேர்ச்சியாளர் ஊரைவிட்டு நீங்கினால் இந்த உணவு எஞ்சுமா? மட்டாஞ்சேரியின் மிளகுக் கணக்குகளை ஓரளவு படித்துவிட்டோம். அங்கே வாழ்ந்த யூதர், முசுலிம், கிறித்தவர், கொங்கணியர், குஜராத்தியர் ஆகிய சமூகத்தாரின் அறுப்பிடங்களையும் கழுவுமிடங்களையும் பற்றிய வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்க வேண்டும். அதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குவது நல்லது.